பிலிம் கேமரா வாங்குமுன் ஷட்டரைக் கேளுங்கள்

பழைய பிலிம் கேமரா தேடுகிறவர்கள் முதலில் விசாரிப்பது பிராண்டை. பென்டாக்ஸா, நிக்கானா, கேனனா? அடுத்தது லென்ஸ். 40, 50 வயதான ஒரு எஸ்எல்ஆரில் (உள்ளே உள்ள கண்ணாடி மூலம் லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கும் கேமரா) படம் ஒழுங்காக விழுமா என்பதை இந்த இரண்டையும் விட, பிலிமுக்கு வெளிச்சத்தைத் திறந்து மூடும் ஷட்டர்தான் அதிகம் தீர்மானிக்கிறது. லென்ஸை மாற்றிக்கொள்ளலாம். ஷட்டர் போனால் கேமராவே போனது மாதிரி.

1976 முதல் 1997 வரை தயாரிப்பில் இருந்த பென்டாக்ஸ் கே1000-ஐ எடுத்துக்கொள்வோம். பிலிமுக்கு முன்னால் ரப்பர் பூசிய துணித் திரைகள் இரண்டு. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும். முதல் திரை ஓடிப் பிலிமைத் திறக்கும், இரண்டாவது பின்னாலேயே ஓடி மூடும். ஒவ்வொன்றையும் இழுப்பது ஓர் உருளைக்குள் சுருண்டிருக்கும் ஸ்பிரிங். 1/60 வேகத்தில், அதாவது ஒரு செகண்டில் அறுபதில் ஒரு பங்கு, முதல் திரை மறு ஓரத்தைத் தொட்ட பிறகே இரண்டாவது கிளம்பும். பிளாஷ் அந்த வேகம் வரைதான் ஒத்துவருவதற்குக் காரணம் இதுதான். அதற்கு மேல் போனால் முழு பிலிமும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதே இல்லை. இரு திரைகளுக்கும் நடுவே ஒரு பிளவு மட்டும் பிலிம் மேல் நகர்ந்து போகும்.

அந்தப் பிளவு எவ்வளவு அகலம்? 36 மில்லிமீட்டரைக் கடக்கத் திரைக்கு ஏறக்குறைய 12 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வையுங்கள். ஒரு மில்லிசெகண்டுக்கு 3 மில்லிமீட்டர். ஆக 1/1000 வேகத்தில் பிளவு வெறும் 3 மில்லிமீட்டர்தான். உருளையில் எண்ணெய் காய்ந்து, முதல் திரை மட்டும் அரை மில்லிசெகண்ட் தாமதமாக முடிக்கிறது என்றால், ஓட்டத்தின் கடைசியில் பிளவு ஒன்றரை மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். படத்தின் ஒரு பக்கத்துக்குப் பாதி வெளிச்சம்தான் கிடைக்கும். ஒரு மில்லிசெகண்ட் தாமதமானால் இரண்டாவது திரை முதல் திரையைப் பிடித்தே விடும், அந்த ஓரம் முழுக் கறுப்பு. இதே அரை மில்லிசெகண்ட் பிசகு 1/60-இல் நூற்றுக்கு மூன்று பங்குதான், கண்ணுக்கே தெரியாது. கடைக்காரர் 1/60-இல் நாலு தடவை தட்டிக் காட்டி "சூப்பரா ஓடுது சார்" என்பார். பொய் இல்லை, ஆனால் அந்த வேகத்தில் சோதித்துப் பயனும் இல்லை.

வாங்கும்போது செய்ய வேண்டியது இது. பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, வெளிச்சமான வானத்தைப் பார்த்துப் பிடியுங்கள். 1/1000-இல் பத்துத் தடவை அடியுங்கள். பிலிம் சட்டம் முழுக்க ஒரே மாதிரி மின்ன வேண்டும். ஓர் ஓரம் இருண்டால் சந்தேகமே வேண்டாம். அடுத்து ஒரு செகண்டில் வைத்துக் காதைக் கொடுங்கள். மெதுவான வேகங்களுக்குத் தனிப் பல்சக்கர வரிசை உண்டு. அது 'ஸ்ர்ர்ர்' என்று சீராக ஓடி முடிய வேண்டும். நடுவில் இழுத்தாலோ நின்று நின்று போனாலோ கிரீஸ் இறுகிவிட்டது. போனில் 240 பிரேம் ஸ்லோமோஷன் இருந்தால் அளந்தே பார்க்கலாம்: 1/8 வேகத்தில் ஷட்டர் சுமார் 30 பிரேம்களுக்குத் திறந்திருக்க வேண்டும், 1/30-இல் 8. மேல் வேகங்களை இப்படி அளக்க முடியாது, போன் அவ்வளவு வேகமாகப் பார்ப்பதில்லை.

மெதுவான வேகங்கள் மட்டும் பழுது என்றால் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம், பகல் படத்துக்கு அவை தேவையே இல்லை. 1/1000 மட்டும் பிசகினால் 1/250-க்குள் ஓட்டிக்கொள்ளலாம். ஆனால் திரை பாதியில் நிற்கிற கேமராவை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். "ஸ்பிரிங்கை முறுக்கினால் சரியாகிடும்" என்று சொல்லும் மெக்கானிக்கிடமும் கொஞ்சம் ஜாக்கிரதை. கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் போடாமல் முறுக்கினால் சில மாதத்தில் பழைய கதைதான்.

நிக்கான் எஃப்எம்2 (1982) வேறு ரகம். உலோகத் தகடுகள் மேலிருந்து கீழாக 24 மில்லிமீட்டர்தான் ஓடும், அதனால் 1/4000 வரை போக முடிந்தது. அந்தத் தகடுகளில் விரல் பட்டால் நெளிந்துவிடும். கே1000, எஃப்எம்2 இரண்டிலும் பேட்டரி வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான், அது தீர்ந்தாலும் ஷட்டர் ஓடும். கேனன் ஏஇ-1 அப்படி இல்லை: 6 வோல்ட் பேட்டரி இல்லாவிட்டால் பொத்தானே வேலை செய்யாது. அதைப் பார்க்கப் போகும்போது புது பேட்டரி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

மீட்டரில் ஒரு பழைய வம்பு உண்டு. ஒலிம்பஸ் ஓஎம்-1 போன்ற கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அது இப்போது கடைகளில் இல்லை. அதே அளவு அல்கலைன் போட்டால் 1.5 வோல்ட் வரும். முள் கூடுதலாக ஏறி, வெளிச்சம் அதிகம் என்று நம்மை ஏமாற்றும், படம் இருண்டு போகும். காதுகேள் கருவிக்கான 675 எண் பேட்டரி 1.4 வோல்ட், கிட்டத்தட்டப் பொருந்தும். அகலம் குறைவு, சுற்றி ஒரு ரப்பர் வளையம் தேவை. ஸ்டிக்கரை உரித்ததும் காற்று புகுந்து செலவாகத் தொடங்கிவிடும், ஓரிரு மாதம்தான் வரும். கே1000-க்கு இந்தத் தலைவலி இல்லை. ஆனால் அதன் மீட்டருக்கு சுவிட்சே கிடையாது. லென்ஸ் மூடிதான் சுவிட்ச்: வெளிச்சம் போகாமல் மூடி வைத்தால்தான் பேட்டரி மிஞ்சும்.

ஒளி புகாமல் தடுக்கும் பின்கதவு ஓரத்து ஸ்பாஞ்சு பஞ்சை நகத்தால் தொட்டுப் பாருங்கள். தார் மாதிரி ஒட்டினால் செத்துவிட்டது. அந்த வழியாக ஒளி கசிந்து கலர் படத்தில் செம்மஞ்சள் கோடாக விழும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்துப் புதுப் பஞ்சு ஒட்டுவது வீட்டிலேயே முடிகிற வேலை, இதற்காகக் கேமராவை ஒதுக்க வேண்டாம்.

லென்ஸ், 50 மில்லிமீட்டர் எஃப்/2 ஒன்று போதும் (எஃப் எண் லென்ஸின் துளை அளவு, எண் கூடினால் துளை சிறிது). பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்னால் பாருங்கள். தூசி பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் ஃபங்கஸ். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்கரை ஊர்களில் பீரோவில் கிடந்த லென்ஸில் இது சகஜம்.

எல்லாம் பார்த்து வாங்கிய பிறகு முதல் ரோலைக் கல்யாணத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். ஊட்டியில் செய்த 'இந்து' கறுப்பு வெள்ளை ரோல் கடைகளில் கிடைத்த காலம் போய், இன்று எல்லாம் இறக்குமதி, மனசு வராதுதான். ஆனாலும் ஆறு பிரேமைச் சோதனைக்குக் கொடுங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் எண்) 200 பிலிம், நிழலில் உள்ள வெள்ளைச் சுவர். 1/1000-இல் எஃப்/2.8, 1/500-இல் எஃப்/4, 1/250-இல் 5.6, 1/125-இல் 8, 1/60-இல் 11, 1/30-இல் 16. ஆறுக்கும் ஒரே அளவு வெளிச்சம்தான். வெறும் சுவர் என்பதால் கை ஆடினாலும் கவலையில்லை. கழுவக் கொடுக்கும்போது நெகட்டிவ் கட்டாயம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஸ்கேனர் ஒவ்வொரு பிரேமின் வெளிச்சத்தையும் தானாகச் சரிசெய்துவிடும், குறை மறைந்துபோகும். நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ஆறு கட்டமும் ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும். 1/1000 கட்டத்தில் ஓர் ஓரம் மட்டும் வெளிறியிருந்தால், முதல் திரையின் எண்ணெய் காய்ந்திருக்கிறது.