மார்க், முத்திரை, வாடிக்கை

மார்க்: ஒரு பொருளை இன்னார் செய்தது என்று காட்ட அதன் மேல் இடும் படம் அல்லது பெயர். பேச்சில் அந்தப் படம் போட்ட சரக்குக்கும் அதுவே பெயர். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை மளிகைக் கடைகளில் "எந்த மார்க் வேணும்?" என்ற கேள்வி பழையது. "அதே மார்க் இருந்தா குடுங்க, இல்லாட்டி அப்புறம் வந்து வாங்கிக்கிறேன்" என்ற பதிலும் பழையதுதான். அந்தப் பதிலுக்குள் இருப்பதைத்தான் இன்று 'பிராண்ட் லாயல்டி' என்கிறார்கள். இதற்குத் தமிழில் என்ன சொல் பொருந்தும் என்று பார்க்கப் போனால், முதலில் மார்க்கிலிருந்து தொடங்க வேண்டும்.

பழைய ஆங்கிலத்தில் மார்க் என்பதன் வேர்ச்சொல்லுக்கு எல்லை என்று பொருள். எல்லையைக் காட்டும் அடையாளமாகி, பிறகு எந்த அடையாளத்துக்கும் ஆனது. பிராண்ட் என்பதற்கு முதற்பொருள் நெருப்பு, எரிகிற கட்டை. காய்ச்சிய இரும்பால் மாட்டுக்கும் பீப்பாய்க்கும் போட்ட சூட்டுக்குறி அடுத்து வந்த பொருள். வணிகப் பெயர் என்ற பொருள் அதற்கும் பின்னால் வந்தது. நம் ஊரில் மாட்டுக்குச் சூடு போடுவது என்கிறோமே, அதேதான்.

தமிழில் மார்க் வேரூன்றியது படங்களால். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் படத்தைச் சொல்லிச் சரக்கு வாங்கலாம். சேவல் மார்க் பட்டாசு, சங்கு மார்க் லுங்கி என்று படமே பெயராக நின்றது. 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தில் அந்தச் சொல் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலா கப்பல் போய்வந்த காலம் முதல், கடல் கடந்து பிழைக்கப் போய்வரும் சபுராளிகளின் பெட்டியில் தவறாமல் வரும் சிங்கப்பூர்த் தைலம் ஒன்று உண்டு. அதன் ஆங்கிலப் பெயரை நாகூர்ப் பக்கம் யாரும் சொல்வதில்லை. சீசாவில் கோடாலிப் படம் இருக்கிறது, அதனால் அது கோடாலித் தைலம். சொல்லாக்கக் குழு கூடித் தேடினாலும் இதைவிட நல்ல தமிழ்ப் பெயர் கிடைத்திருக்காது.

பிராண்ட் என்ற சொல் வந்ததும் ஒரு கேடு சேர்ந்தே வந்தது. 'பிராண்டட்' என்றால் விளம்பரத்தில் பார்த்தது, விலை கூடியது, தரமானது என்றாகிவிட்டது. மீதியெல்லாம் 'லோக்கல்'. பக்கத்து ஊரில் ஒரு குடும்பம் பல வருடமாகப் போடும் அப்பளமும் ஊறுகாயும் லோக்கல். அதற்கும் பெயர் உண்டு, படம் உண்டு, அதையே கேட்டு வாங்குகிற ஆட்களும் உண்டு. மார்க் என்ற சொல் யாரையும் இப்படிப் பிரிக்கவில்லை. பெரிய கம்பெனிக்கும் அது மார்க்தான், மூன்று பேர் உட்கார்ந்து பொட்டலம் கட்டுகிற சீவல் கடைக்கும் அது மார்க்தான். உள்ளூர்த் தயாரிப்பு என்று மரியாதையாகச் சொல்ல ஒரு சொல் இருக்கும்போது, லோக்கல் சரக்கு என்று அதைத் தாழ்த்துவது எனக்கு உறுத்துகிறது.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். இந்த வழக்கத்துக்குக் காவிரி முகத்துவாரத்திலேயே பழைய சான்று இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்து குவிந்த பண்டங்களைப் பற்றிச் சொல்லும் பட்டினப்பாலை, அவற்றின் மேல் 'புலிபொறித்துப் புறம்போக்கி' என்கிறது. புலிச் சின்னம் இட்டு வெளியே அனுப்பினார்கள் என்று பொருள். அது சோழ அரசின் முத்திரை. வணிகரின் குறியைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது: அதே ஊரில் வெளியூர் வணிகர் 'தம்பெயர் பொறித்த கண்ணெழுத்துப் படுத்த எண்ணுப் பல்பொதி'. மூட்டையின் மேல் உடையவன் பெயர், அதற்குரிய குறி. இன்றைய அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதும் வேறொன்றும் இல்லை. பொறி, பொறித்தல் என்பவை இதற்குரிய தமிழ்ச் சொற்கள். கண்ணெழுத்து என்ற அழகான சொல் வழக்கிலிருந்து போய்விட்டது. களத்தில் அது வேறு உருவில் இருந்தது. நெல் அம்பாரத்தின் மேல் சாணிப்பால் தெளித்துக் குறி போட்டு வைப்பார்கள். இராத்திரியில் யாராவது அள்ளினால் குறி கலைந்து காட்டிக்கொடுக்கும்.

முத்திரை வடமொழியிலிருந்து வந்தாலும் நெடுநாளாகத் தமிழில் பழகிய சொல். பிராண்ட் என்பதற்கு வணிக முத்திரை, டிரேட்மார்க் என்பதற்கு வணிகக் குறி என்று எழுதினால் குழப்பமில்லை. முன்னது மக்கள் மனத்தில் இருக்கும் பெயர், பின்னது சட்டப்படி பதிவு செய்த அடையாளம். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். சிறிய மார்க்குகள் பல பதிவே இல்லாமல் கிடக்கின்றன. பெயர் கொஞ்சம் எடுபட்டதும் அடுத்த தெருவில் அதே மாதிரி ஒன்று முளைக்கிறது.

அதனால்தான் பொட்டலத்தின் பின்புறம் 'போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்' என்ற வரி. போலி என்பது இலக்கணச் சொல்லும்கூட. அறம் என்பதை அறன் என்று ஒரெழுத்து மாற்றி எழுதினாலும் பொருள் மாறாதது கடைப்போலி. போலி மார்க் செய்கிறவரும் அந்த ஒரெழுத்தைத்தான் மாற்றுகிறார். படத்தில் மயிலின் தலை இடப்பக்கமிருந்தால் வலப்பக்கம் திருப்பி வைப்பார். இங்கே உள்ளிருக்கும் பொருள் மாறிவிடுகிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

டெல்டாவில் ஊரே மார்க்காக நிற்பதும் உண்டு. மயிலாடுதுறையின் கூறைநாடு, பேச்சில் கொரநாடு, ஒரு புடவையின் பெயர். திருபுவனம் என்றால் பட்டு, நாச்சியார்கோவில் என்றால் குத்துவிளக்கு. இதற்குச் சட்டம் வைத்த பெயர் புவிசார் குறியீடு. வணிகக் குறிச் சட்டமும் இதற்கான சட்டமும் 1999இல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் 15 அன்று ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தன. கும்பகோணம் வெற்றிலைக்கு இந்தக் குறியீடு 2025இல் கிடைத்தது.

இனி 'லாயல்டி'. அகராதியைப் பார்த்து 'வணிகமுத்திரை விசுவாசம்' என்று எழுதுகிறார்கள். இது தவறு என்பேன். விசுவாசம் தமிழில் கீழிருந்து மேலே போவது: வேலையாள் முதலாளிக்குக் காட்டுவது, நாய் எசமானுக்குக் காட்டுவது. காசு கொடுத்துப் பல்பொடி வாங்குகிறவர் பல்பொடிக் கம்பெனிக்கு விசுவாசமாக இருக்க வேண்டியதில்லை.

கடைத்தெருவில் இதற்குச் சொல் எப்போதும் இருந்திருக்கிறது: வாடிக்கை. தெலுங்கில் வாடுக, கன்னடத்தில் வாடிகெ என்று இதன் உறவுச் சொற்கள் உண்டு. பயன்பாடு, வழக்கம் என்பது பொருள். தமிழில் அது வழக்கத்தையும் குறிக்கிறது, வழக்கமாக வாங்குகிறவரையும் குறிக்கிறது. 'வாடிக்கைக் கடை' என்று வாங்குகிறவர் சொல்கிறார், 'என் வாடிக்கை' என்று விற்கிறவர் சொல்கிறார். இரண்டு பக்கமும் பிடித்திருக்கிற சொல் இது.

கும்பகோணத்தில் காபிக்கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இது புரியும். ஒரு பெரியவர் படியேறுகிறார். "எப்பவும் போலத்தானே ஐயா?" என்கிறார் கடைக்காரர். "ஆமா தம்பி, சிக்கரி கூடிடப் போவுது, பாத்துக்க." அவருக்குக் காபி 80க்குச் சிக்கரி 20 என்பது கடைக்காரருக்குத் தெரியும். கொட்டை இயந்திரத்தில் விழுகிறது, பொடி சூடாகவே உறைக்குள் இறங்குகிறது. உறையில் கடைப் பெயரும் தெருப் பெயரும் மட்டும். தொலைக்காட்சியில் இந்தப் பெயர் வந்ததில்லை. மாதம் தவறாமல் அவர் வருகிறார், மாதம் தவறாமல் அளவு மாறாமல் இவர் கொடுக்கிறார். இதில் யார் யாருக்கு விசுவாசம்?

இன்னொரு சொல் பற்று. மொழிப்பற்று, நாட்டுப்பற்று போல முத்திரைப் பற்று என்று சொல்லலாம். நல்ல சொல்தான். டெல்டாவில் அதற்குக் கணக்கு நோட்டுப் பொருளும் உண்டு. பற்று வரவு என்பதில் வரும் பற்று, கடனாக வாங்கியது. சம்பா அறுப்பு முடிந்து காசு கைக்கு வரும்வரை மளிகைக் கடையில் பற்று எழுதித்தான் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. பற்று வைத்து வாங்குகிறவர் அந்தக் கடையில் இருக்கிற மார்க்கைத்தான் வாங்குவார். லைனுக்கு, அதாவது கடை கடையாகச் சரக்குப் போட, வண்டியில் வரும் சின்னக் கம்பெனிக்காரரும் கடைக்காரரிடம் அடுத்த வாரம் காசு வாங்கிக்கொள்வதாகச் சொல்லிச் சரக்கு இறக்கிவிட்டுப் போவார். விளம்பரத்துக்குப் பணமில்லாத சோப்பும் சேமியாவும் வீட்டுக்குள் நுழைந்த வழி பெரும்பாலும் இதுதான். நுழைந்த பிறகு தரம் நின்றது, பழக்கம் நின்றது. கடன் தீர்ந்த பிறகும் அதே மார்க்கைக் கேட்டார்கள்.

பற்றுக்கும் வாடிக்கைக்கும் உள்ள வேறுபாடு 2017இல் கண்ணெதிரே தெரிந்தது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை ஒட்டி, அந்த ஆண்டு மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தன. அதுவரை குடிக்காதவர்களும் உள்ளூர்க் குளிர்பானத்தைக் கேட்டு வாங்கினார்கள். அது பற்று: கொள்கை சார்ந்தது, அறிந்து எடுத்த முடிவு. அதற்கு முன்பே வீட்டுக் கல்யாணத்துக்கு அதைத்தான் இறக்க வேண்டும் என்று கேட்டவர்களுடையது வாடிக்கை. ஆகவே கட்டுரையில் 'பிராண்ட் லாயல்டி' வரும் இடத்தில், அறிந்து தேர்ந்து நிற்பதானால் முத்திரைப் பற்று என்றும், பழகி நம்பித் தொடர்வதானால் வாடிக்கை என்றும் எழுதலாம். 'அந்த ஊறுகாய்க்கு நாங்கள் மூன்று தலைமுறை வாடிக்கை' என்று எழுதினால் திருவாரூரில் எந்தப் பாட்டிக்கும் விளக்கம் தேவைப்படாது.