கல்யாணப் பெண்ணுக்கு முதலில் சாப்பிடக் கொடுங்கள்

ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கிய முதல் வாரமே ஒரு பெண் மணமேடையில் கண் இருண்டு, பக்கத்தில் நின்ற நாத்தனார் மேல் சரிந்துவிட்டாள். படுக்கவைத்து, ஒட்டியாணத்தைக் கழற்றி, காலைத் தூக்கிவைத்த பிறகு கண் திறந்தாள். கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்று கேட்டேன். "நேத்து மத்தியானம்க்கா" என்றாள். மணப்பெண் அலங்காரத் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை சொல்வார்கள். எனக்கு அலுத்துவிட்டது.

"தாலி ஏறுகிற வரைக்கும் பொண்ணு பச்சைத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாது." யார் சொன்னது? அம்மா பாட்டியைக் கைகாட்டுவார், பாட்டி "அந்தக் காலத்திலேயே அப்படித்தான்" என்பார். விரதம் வேறு, பட்டினி வேறு. விரதம் இருக்கிற வீடுகளிலேயே பால், பழம், இளநீர் எடுத்துக்கொள்வது உண்டு. பிராமணக் கல்யாணத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஊஞ்சலில் உட்காரவைத்துப் பாலும் பழமும் கொடுக்கிறார்களே, அது எப்போது? தாலி கட்டுவதற்கு முன்னால்தானே? சடங்கே வாயில் ஊட்டிவிடுகிறது, நாம் குறுக்கே நிற்கிறோம். சந்தேகம் இருந்தால் கல்யாணம் நடத்திவைக்கும் ஐயரிடமே ஒரு வாரம் முன்னால் கேட்டுவிடுங்கள். நான் கேட்ட ஐயர்களில் பெரும்பாலானவர்கள் "தாராளமா சாப்பிடச் சொல்லுங்கோ" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். தடை போடுவது வேறு யாரோ ஒரு அத்தை. அதே நேரத்தில் மாப்பிள்ளை அறைக்கு இட்லியும் காபியும் போய்க்கொண்டிருக்கும். அதை எந்த அத்தையும் தடுத்து நான் பார்த்ததில்லை.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் பெண் என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. சாப்பாடும் ஊசியும் எந்த நேரத்தில் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் குடிக்காததற்கு இன்னொரு காரணம் உண்டு, அதைப் பெண்கள் வெளியே சொல்வதில்லை. பட்டுப்புடவையும் ஒட்டியாணமுமாகக் கழிப்பறைக்குப் போக முடியாதே என்று முதல் நாள் இரவிலிருந்தே வாயை மூடிக்கொள்கிறார்கள். அம்மா, இதற்குத்தான் தோழியோ தங்கையோ கூட இருக்கிறாள். புடவையைத் தூக்கிப் பிடிக்க ஒரு ஆள் போதும். வெட்கப்படாமல் கேள். லிப்ஸ்டிக்கைப் பற்றிக் கவலைப்படாதே, ஸ்ட்ரா வைத்துக் குடி. கலைந்தால் சரிசெய்யத்தானே நான் நிற்கிறேன்.

தூக்கத்துக்கு வருவோம். முகூர்த்தம் 6.00–7.30 என்றால் 5.15க்குப் பெண் தயாராக இருக்க வேண்டும். ஜடை, முகம், புடவை, நகை எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம். அப்படியானால் 2.45க்கு என் நாற்காலியில் உட்கார வேண்டும். முதல் நாள் ரிசப்ஷன் முடிந்து, போட்டோகிராபர் "இன்னும் ஒரே ஒரு ஷாட்" என்று நிற்கவைத்து, தலையில் இருக்கிற ஊசியெல்லாம் எடுத்து அவள் படுக்கும்போது மணி 12.30. அப்புறம் "கண்ணுக்குக் கீழே கருவளையம் தெரியுதே" என்று என்னிடம் வந்து நிற்கிறீர்கள்! ஜோடிப் படங்களை ரிசப்ஷன் தொடங்குவதற்கு முன்பே எடுத்துவிடச் சொல்லுங்கள். மேடையை இத்தனை மணிக்கு முடிப்போம் என்று போட்டோகிராபரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நாள் குறிக்கும்போதே ஜோசியரிடம் 9.00–10.30 கிடைக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள். ஞாயிறு, திங்கள், புதன் கிழமைகளில் அந்த நேரத்தில் ராகுகாலமும் இல்லை, எமகண்டமும் இல்லை. நாள் பொருந்தினால் பெண்ணுக்கு முழு இரவுத் தூக்கம் கிடைக்கும்.

தலைக்குக் குளிப்பதை முதல் நாளே முடியுங்கள். ஈரத் தலையில் ஜடை பின்ன முடியாது, ஹேர் டிரையரில் அரை மணி நேரம் போய்விடும். காலையில் எண்ணெய் வைப்பது சம்பிரதாயம் என்றால் உச்சியில் ஒரு சொட்டு வைத்து உடம்புக்கு மட்டும் குளிக்கட்டும். நலங்கு மஞ்சளை முகத்தில் அப்பாதீர்கள், நான் எதைப் போட்டாலும் அடியில் மஞ்சள் பூக்கும். மேக்கப்புக்கு உட்காரும்போது முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையோ நைட்டியோ போட்டிருக்க வேண்டும், தலை வழியாகக் கழற்றுகிற உடை வேண்டவே வேண்டாம். மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள். புது ஃபேஷியல் எதையும் கல்யாண வாரத்தில் முயற்சி செய்ய வேண்டாம். கருப்பு நிறத்தில் சட்டென்று பிடிக்கும் மருதாணி கண்டிப்பாக வேண்டாம், அதில் கலக்கும் தலைச்சாயம் கையைக் கொப்பளிக்க வைத்துவிடும்.

கூரைப்புடவையைத் தட்டில் வைத்து ஆசி வாங்கி, பெண் உள்ளே போய் மாற்றிக்கொண்டு வர எங்களுக்குக் கிடைப்பது கால் மணி நேரம். அந்த நேரத்தில்தான் ஜாக்கெட் பெட்டிச் சாவி அப்பாவிடம் இருப்பது தெரியவரும், அப்பா வாசலில் யாரையோ வரவேற்றுக்கொண்டிருப்பார். ஜாக்கெட், பாவாடை, ஊசி, அடுத்துப் போடும் நகை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு முதல் நாள் இரவே என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, மணமகள் அறை. உள்ளே நான், என் உதவியாளர், அம்மா, ஒரு தோழி. அவ்வளவுதான். மற்றவர்கள் பெண்ணை மேடையில் பார்த்துக்கொள்ளலாம். வாசலில் நிற்க, யாருக்கும் தயங்காமல் "அப்புறம் வாங்க" என்று சொல்லத் தெரிந்த ஒரு சித்தியைத் தேர்ந்தெடுத்து வையுங்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் அப்படி ஒருத்தர் கட்டாயம் இருப்பார். அவர் கையிலேயே இரண்டு இட்லியும் கொடுத்து அனுப்புங்கள், லிப்ஸ்டிக் போடுவதற்கு முன்னால் ஊட்டிவிடட்டும்.