பெல்விஸ்: இடுப்பு என்று சொன்னால் போதுமா?

டாக்டர் சீட்டில் ‘எக்ஸ்ரே பெல்விஸ் ஏ.பி.’ (ஏ.பி. என்றால் கதிர் முன்னாலிருந்து பின்னால் போகும்படி எடுக்கும் படம்) என்று இருக்கும். அதை எக்ஸ்ரே எடுக்கும் நாம் ‘இடுப்பு எக்ஸ்ரே’ என்று சொல்லிவிடுகிறோம். மேசையில் ஏறிப் படுக்கும் அம்மா உடனே நடுமுதுகுக்குக் கீழே கையை வைத்து, “இங்கதானே தம்பி எடுக்கணும்?” என்பார். அவர் மேல் தப்பே இல்லை. இடுப்பு வலி என்று நாம் சொல்வது பெரும்பாலும் கீழ்முதுகைத்தான். இடுப்பளவு தண்ணீர் என்றால் அது இடை. இடுப்பில் குடம் வைக்கிறோமே, அந்தக் குடம் உட்காருவது பெல்விஸின் மேல்விளிம்பில். ஒரே சொல்லுக்கு இத்தனை இடம்.

பெல்விஸ் லத்தீன் சொல். கை கால் கழுவ வைத்திருக்கும் அகன்ற பாத்திரம், நம் பேசின் மாதிரி. இரண்டு பக்கமும் இடுப்பெலும்பு, பின்னால் திருவெலும்பு, அதன் நுனியில் வால் எலும்பு, எல்லாம் சேர்ந்து ஒரு பாத்திரம்போல் நிற்பதால் அந்தப் பெயர். ஆனால் இது அடியில்லாத பாத்திரம், குழந்தை பிறந்து வரும் வழியே அந்தத் திறப்புதான்.

தமிழில் என்ன சொல்வது? பள்ளிப் பாடத்தில் இடுப்பு வளையம் என்று படித்திருப்போம். கலைச்சொல் நூல்களில் கூபகம் என்றும் உண்டு. வடமொழியில் கூபம் என்றால் கிணறு, அதாவது அங்கே பாத்திரத்துக்குப் பதில் பள்ளத்தைப் பார்த்திருக்கிறார்கள். அழகான சொல்தான், ஆனால் மேசையில் படுத்திருப்பவரிடம் கூபகம் என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது. என் ஓட்டு இடுப்புக்கூடு என்ற சொல்லுக்கு. மார்புக்கூடு என்று ஏற்கெனவே சொல்லிப் பழகியிருக்கிறோம், அதே வார்ப்பு, கேட்டதும் எலும்பு என்று புரிந்துவிடும், முதுகோடு குழம்பாது.

சரி, கூடு என்று புரிந்துகொண்டால் படம் எடுப்பதிலும் தெளிவு வரும். மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு பக்க இடுப்பெலும்பின் முன்முனைகளையும் தொட்டுப் பார்த்து, அந்த மட்டத்துக்கும் கீழே முன்னால் இரண்டு எலும்பும் சேரும் இடத்துக்கும் நடுவில் கதிரின் மையம் வைக்கிறோம். அப்புறம் இரண்டு காலையும் 15 முதல் 20 டிகிரி உள்பக்கம் திருப்பி, பெருவிரல்கள் ஒன்றை ஒன்று தொடும்படி வைக்கச் சொல்கிறோம். ஏன் இந்தத் திருகல் என்றால், தொடை எலும்பின் கழுத்து இயல்பிலேயே கொஞ்சம் முன்பக்கம் திரும்பியிருக்கிறது, பாதத்தை அது விழுகிற வாக்கில் வெளிப்பக்கம் விட்டுவிட்டால் கழுத்து படத்தில் குட்டையாகத் தெரியும், விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தப்பிப் போகும். தொடை எலும்பின் உள்பக்கம் இருக்கும் சிறு புடைப்பு படத்தில் மறைந்தோ லேசாகவோ தெரிந்தால் கால் சரியாகத் திரும்பியிருக்கிறது. ஆனால் விழுந்து அடிபட்டு வந்தவரின் கால் குட்டையாகி வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால் தயவுசெய்து திருப்பாதீர்கள், இருக்கிற நிலையிலேயே எடுங்கள்.

இந்தக் கூட்டின் இரண்டு பக்கமும் தொடை எலும்பின் உருண்டைத் தலை பொருந்தும் குழிக்கு அசெட்டாபுலம் என்று பெயர். லத்தீனில் வினிகர் வைக்கும் சிறு கிண்ணம். மறுபடியும் பாத்திரம்! தமிழில் கிண்ணக்குழி என்றால் போதும். ஒரு பக்க இடுப்பெலும்பாக ஒட்டும் மூன்று எலும்புகள் இந்தக் குழியில்தான் வந்து சேர்கின்றன. சிறுவர்களின் படத்தில் அவை இன்னும் ஒட்டாமல் கவட்டை வடிவில் இடைவெளி தெரியும், அதை எலும்பு முறிவு என்று நினைத்துவிடக் கூடாது.

முழங்காலில் இருக்கும் பட்டெல்லாவும் லத்தீனில் சிறு தட்டுதான். நாம் அதைச் சில்லு என்கிறோம், பாண்டி ஆடும்போது தள்ளுகிற ஓட்டுச் சில்லு. எனக்கு லத்தீனைவிட இதுதான் பொருத்தமாகப் படுகிறது. காலை நீட்டித் தளர்த்திவிட்டு விரலால் தள்ளிப் பாருங்கள், நகரும். பக்கவாட்டுப் படத்துக்கு முழங்காலை 20 முதல் 30 டிகிரி மடக்குவது வழக்கம், சில்லு உடைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் 10 டிகிரிக்கு மேல் மடக்குவதில்லை, தொடைத் தசை இழுத்து உடைந்த துண்டுகள் விலகிவிடும்.

இன்னொன்று. கிண்ணக்குழி மூட்டில் கோளாறு இருந்தால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில்தான் வரும், சிலருக்கு முழங்காலில் மட்டும் தெரியும், குறிப்பாக வளரும் பிள்ளைகளுக்கு. ஆகவே முழங்கால் வலி என்று ஒரு பையன் நொண்டிக்கொண்டு வந்து, முழங்கால் படம் சுத்தமாக இருந்தால், மேலே கூட்டையும் ஒருமுறை பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.