வகுப்பில் தூங்குகிற பையனிடம் வீட்டைப் பற்றிக் கேளுங்கள்

பள்ளிகளிலிருந்து ஆலோசனைக்கு அனுப்பப்படும் பதின்ம வயதுப் பையன்கள் பலர் மேல் ஒரே புகார்தான்: வகுப்பில் தூங்கி விழுகிறான், கேட்டால் முறைக்கிறான், அடிக்கடி லீவு. செல்போன், கெட்ட சகவாசம் என்று நாமும் உடனே முடிவு கட்டிவிடுகிறோம். ராத்திரி எங்கே, எப்படிப் படுக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை.

வடசென்னையில் பத்தாவது படிக்கும் ஒருவன் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). அப்பா இல்லை, அம்மாவுக்கு ஹவுஸ்கீப்பிங் வேலை. ஒற்றை அறை வாடகை வீடு. மேலே காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது, அதற்கு நேர் கீழே மட்டும் பாய் விரிக்க மாட்டார்கள். மழை பெய்தால் சுவர் ஊறி சுவிட்சைத் தொட்டாலே ஷாக், அம்மா ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் லைட் போடுவார். பொதுக் கழிப்பறை மாடிப்படிக்குப் பின்னால். இரவில் அவர் போகும்போது பையன் டார்ச்சோடு வெளியே நிற்பான், திரும்பி வந்ததும் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்குவான், ஏனென்றால் தாழ்ப்பாள் கழன்று பல மாதம் ஆகிறது, பக்கத்தில் குடித்துவிட்டு வருகிற ஒருவர் ஏற்கெனவே கதவைத் தள்ளிப் பார்த்திருக்கிறார். பதினைந்து வயதில் ராக்காவல் பார்க்கிறவன் காலையில் அல்ஜீப்ராவை எப்படிக் கவனிப்பான்?

வேறு வீடு பார்க்க அட்வான்ஸ் வேண்டும். சரி, யாரிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். “சொன்னா புள்ளைய ஹோமுக்குக் கொண்டுபோயிடுவாங்களே மேடம்” என்றார் அம்மா. இந்தப் பயம்தான் பல அம்மாக்களின் வாயை அடைக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தையைக் காப்பகத்தில் சேர்ப்பது கடைசி வழி. குடும்பத்தோடு இருக்க வைப்பதுதான் முதலில். அதற்காகவே மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு இருக்கிறது, கணவரை இழந்தவர், கைவிடப்பட்டவர் பிள்ளைகளுக்கு, 18 வயது வரை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். நகரத்தில் ஆண்டு வருமானம் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாதாம். அதாவது மாதம் எட்டாயிரம். சென்னையில் வாடகை கொடுத்துப் பிழைக்கிறவருக்கு இது நியாயமான வரம்பே இல்லை, மாற்றியாக வேண்டும். ஆனாலும் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள்.

பணம் வர மாதக்கணக்கில் ஆகும், தாழ்ப்பாள் அன்றைக்கே வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த ஒரு தச்சர் சாயங்காலமே அந்த வீட்டுக்கு வந்து உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார். எந்த ஆலோசனையையும்விட அந்த வாரம் அவனுக்கு உதவியது அதுதான்.

கட்டடம் விஷயத்தில் மட்டும் பொறுத்துப் பார்க்காதீர்கள். புது விரிசல் விழுந்து பெரிதானாலோ, நேற்றுவரை சரியாக இருந்த கதவு திடீரென இறுகினாலோ வெளியே வந்துவிடுங்கள். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்பு இடிந்தபோது உயிர்ச்சேதம் இல்லை, விரிசலைப் பார்த்ததும் மக்கள் வெளியேறியிருந்தார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒன்று: அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், அம்மாவைக் குற்றவாளி போல வரச்சொல்லாதீர்கள். ஆபத்து உடனடியானது என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண் 1098, எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், பையனே அழைக்கலாம்.