வசீகரம்: பொருள், வேர், தமிழ்ச்சொல்

'வசீகரமான முகம்', 'வசீகரமான பேச்சு' என்று இன்று பாராட்டாகவே எழுதுகிறோம். சொல்லின் பிறப்பு அவ்வளவு சாதுவானது இல்லை.

வடமொழியில் 'வஶ்' என்னும் வினையடிக்கு விரும்புதல் என்று பொருள். அதில் பிறந்த 'வசம்' ஒருவருடைய விருப்பத்தையும், அந்த விருப்பத்துக்குப் பிறர் கட்டுப்பட்டு நிற்பதையும் குறித்தது. அதனோடு 'செய்தல்' என்னும் பொருளுடைய சொல் சேரும்போது நடுவில் ஈகாரம் வருகிறது. முன்பு அப்படி இல்லாததை அப்படி ஆக்குவதைக் காட்டும் இலக்கண அமைப்பு அது. ஆக, நம் வசத்தில் இல்லாதவரை வசமாக்குவதே வசீகரம். யோகசூத்திரம் (1.15) 'வசீகாரம்' என்பதைப் பற்றின்மைக்குப் பெயராக வைக்கிறது, அங்கே ஆளப்படுவது தன்னுடைய வேட்கைதான். மந்திர நூல்களில் இது பிறர்மேல் திரும்பிவிட்டது. அட்டகருமம் எனப்படும் எட்டு மந்திரச் செயல்களில் வசியமும் ஆகர்ஷணமும் தனித்தனி: ஆகர்ஷணம் ஆளை இழுத்து வருவது, வசியம் வந்தவரைச் சொன்னபடி கேட்க வைப்பது. ஈர்ப்பு வேறு, அதிகாரம் வேறு என்று அந்தப் பட்டியல் போட்டவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

வசியம் என்பதற்கு மூலப்பொருள் 'வசமாகத் தக்கது'. திருமணப் பொருத்தம் பத்தில் வசியப் பொருத்தம் பார்ப்பவர்களிடம் இந்தப் பொருள் இன்னும் பிழைத்திருக்கிறது. மேஷத்துக்குச் சிம்மமும் விருச்சிகமும் வசியம். ஆனால் சிம்மத்துக்கான வரிசையில் மேஷம் கிடையாது. மிதுனமும் கன்னியும், கடகமும் விருச்சிகமும் போன்ற சில இணைகள் மட்டும் ஒன்றுக்கொன்று வசியம். சோதிடத்தை நம்புகிறோமா என்பது வேறு பேச்சு. யார் யாருக்கு வசம் என்ற திசை அந்தக் கணக்கிலேயே இருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அன்றாடத் தமிழில் இதன் உறவுச்சொற்கள் நிறைய. கைவசம், தன்வசம், வசமாக மாட்டுதல், வசப்படுதல் எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள். பரவசம் என்றால் பிறர் வசம்; மகிழ்ச்சி என்ற பொருள் பின்னால் ஏறியது. 'வசதி' இந்தக் குடும்பம் இல்லை, தங்குதல் என்னும் வேறு வினையிலிருந்து வந்தது. 'வசூல்' அரபு வழி வந்த சொல்.

நேர்த்தமிழ் என்ன? பலரும் உடனே 'கவர்ச்சி' என்பார்கள். 'கவர்' என்பதும் பறித்தல், கைப்பற்றுதல்தான். சம்பந்தர் 'உள்ளம் கவர் கள்வன்' என்று பாடும்போது கள்வன் என்ற சொல் சும்மா வரவில்லை. பொருளளவில் பொருந்தும், ஆனால் சினிமாச் செய்திகள் அதை உடலழகுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டன. மேலாளரின் கவர்ச்சி என்று எழுதினால் வாசகர் சிரிப்பார். பேச்சாற்றலுக்குப் 'பிணிப்பு' நல்ல சொல். 'கேட்டார்ப் பிணிக்கும்' என்று குறளே (643) ஆண்டிருக்கிறது. இருவருக்கிடையே இயல்பாக எழுவதற்கு 'ஈர்ப்பு'. திட்டமிட்டு ஒருவரைக் கைக்குள் கொண்டுவருவதற்கு 'வசப்படுத்தல்'. இந்த இரண்டையும் 'வசீகரம்' என்ற ஒரே சொல்லில் அடைப்பதால்தான் உறவுச் சிக்கல் பற்றிய கட்டுரைகளில் குழப்பம் வருகிறது.

ஈர்ப்பே அதிகாரமாவதற்குச் சமூக உளவியலில் தனி இடம் உண்டு. பிரெஞ்சு, ரேவன் என்ற இரு ஆய்வாளர்கள் 1959இல் அதிகாரத்தின் அடிப்படைகளை ஐந்தாகப் பிரித்தார்கள்: பரிசு, தண்டனை, பதவி உரிமை, துறையறிவு, ஐந்தாவதாக ஒருவரைப் பிடித்துப்போய் அவரைப் போலவே இருக்க விரும்புவது. இந்த ஐந்தாவதை 'ஈர்ப்பதிகாரம்' எனலாம். இதில் மிரட்டல் கிடையாது. அதனாலேயே அடங்கிப் போகிறவருக்கு அடங்குவதாகத் தோன்றாது. சமூகவியலாளர் வில்லார்ட் வாலர் 1938இல் சொன்னது இன்னும் கறாரானது: உறவு தொடர வேண்டும் என்ற நாட்டம் யாருக்குக் குறைவோ, அவர் கையில்தான் பிடி.

வசப்படுத்தல் நடக்கும் விதம் பெரும்பாலும் இப்படி. முதலில் அளவுக்கு மீறிய அன்பு: ஓயாத குறுஞ்செய்தி, பரிசு, சில வாரங்களிலேயே கல்யாணப் பேச்சு. பிறகு அந்த அன்பு விட்டுவிட்டு வரும். 'அக்கா வீட்டுக்குப் போறேன்' என்றால், 'போயேன், நான் என்ன சொல்லப்போறேன்' என்று பதில். அடுத்த இரண்டு நாள் பேச்சே இராது. மூன்றாம் நாள் மல்லிகைப்பூவோடு வந்து நிற்பார். அடுத்த முறை அக்கா வீட்டுக்குக் கிளம்புமுன் அவர் முகம் பார்க்கத் தோன்றும். தடை போட்டதாக யாரும் குற்றம் சொல்லவும் முடியாது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காகவே உயிர்கள் விடாமல் முயலும் என்பதை உளவியலாளர்கள் பெர்ஸ்டரும் ஸ்கின்னரும் புறாக்களை வைத்துக் காட்டிய நூல் 1957இல் வந்தது. தானியம் எத்தனையாவது கொத்தலுக்கு விழும் என்று தெரியாத புறா, தானியத்தை நிறுத்திய பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும்.

எது ஈர்ப்பு, எது வசப்படுத்தல் என்று பிரித்தறியச் சின்ன விஷயம் ஒன்றில் 'முடியாது' சொல்லிப் பார்க்கலாம். முகம் சுளிப்பது சாதாரணம். அன்பையே நிறுத்திவைத்தால் அது வசப்படுத்தல். கை ஓங்கும் ஆளிடமோ, பின்தொடர்ந்து மிரட்டும் ஆளிடமோ இந்தச் சோதனை வேண்டாம். இந்தியாவில் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் உணர்வுவழி, பொருளாதாரவழித் துன்புறுத்தலையும் வன்முறை என்றே வரையறுக்கிறது. பெண்கள் 181 என்ற எண்ணில் உதவி கேட்கலாம்.

மொழிபெயர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். சொக்குப்பொடி, இடுமருந்து, முந்தானையில் முடிதல் என்று வசப்படுத்தலுக்கு ஊர்வழக்கில் உள்ள சொற்கள் பெரும்பாலும் பெண்ணைக் குற்றவாளியாக்கவே பயன்படுகின்றன. மனைவி சொல்லைக் கேட்கும் ஆணுக்கு உடனே 'மருந்து வச்சுட்டா' என்று பட்டம் விழும். மேலே சொன்ன மல்லிகைப்பூக்காரருக்கு அப்படி ஒரு வழக்குச்சொல் இல்லை. 'வசப்படுத்துபவர்' என்றே எழுதலாம். 'வசீகரன்' என்றால் அவரைப் பாராட்டியதாகிவிடும்.