பயோடீசலுக்கு எவ்ளோ தண்ணி போகுது, ஐரோப்பிய ரூல் அத கேக்குதா?

சோயா, ரேப்சீட் (கடுகு இனம்), பாம் மாதிரி எண்ணெய்ப் பயிர்ல இருந்து வர்ற பயோடீசலுக்கு ஐரோப்பிய யூனியன்ல 2018ல போட்ட புதுப்பிக்கத்தக்க எரிசக்தி டைரக்டிவ்தான் (உறுப்பு நாடுகளுக்கான சட்டம்) அடிப்படை. இதுக்கு ஒத்துவராத எண்ணெய விக்கவே கூடாதுன்னு இல்ல, ஆனா நாட்டோட புதுப்பிக்கத்தக்க எரிசக்தி டார்கெட் கணக்குல சேராது, அரசு உதவியும் கிடைக்காது, அப்புறம் யார் வாங்குவா?

முக்கியமா பாக்குறது ரெண்டு விஷயம். ஒண்ணு நிலம்: 2008 ஜனவரிக்கு அப்புறம் காட்டையோ சதுப்பு நிலத்தையோ அழிச்சுப் பயிர் போட்டிருக்கக் கூடாது. ரெண்டாவது கார்பன்: 2021ல இருந்து ஓட ஆரம்பிச்ச பிளான்ட்டுன்னா கார்பன் வெளியேற்றம் பெட்ரோலியத்தவிட 65% கம்மியா இருக்கணும்.

தண்ணிக்கு? ஒரு லிட்டருக்கு இவ்ளோதான்னு எந்த லிமிட்டும் கிடையாது. இதுதான் எனக்கு இடிக்குது, ஏன்னா பயோடீசல்ல தண்ணி பெருசா செலவாகுறது ஃபேக்டரில இல்ல, அங்க தயாரிப்புல தங்குற சோப்பும் கேட்டலிஸ்ட்டும் (வினைய வேகப்படுத்துற பொருள்) போக அலசுறதுக்கு, கூலிங்குக்குன்னு சில லிட்டரோட முடிஞ்சிடும், மிச்சமெல்லாம் வயல்லதான். நெதர்லாந்து ட்வென்ட்டே யுனிவர்சிட்டி ஆளுங்க 2009ல போட்ட கணக்குப்படி சோயா, ரேப்சீட் டீசல் ஒரு லிட்டருக்கு சராசரியா 14,000 லிட்டர் தண்ணி, வறட்சியத் தாங்கும்னு கொண்டாடுன காட்டாமணக்குக்கு 20,000! காட்டாமணக்கு கணக்கு சரியில்லன்னு வேற ஆராய்ச்சியாளர்கள் சண்டைக்கு வந்தாங்க, அது தனிக்கதை.

ஆனா இந்த நம்பர மட்டும் வெச்சு பயந்துடாதீங்க, அதுல மழைத்தண்ணியும் சேர்த்திதான். மழைய நம்பி வளர்ற ரேப்சீடும், போர் போட்டு நிலத்தடி நீர உறிஞ்சி வளர்க்குற பயிரும் லிட்டர் கணக்குல ஒண்ணா தெரியலாம், ஊருக்கு வர்ற பாதிப்பு ஒண்ணு இல்ல. அதனால ஒரே லிமிட் போடுறதும் கஷ்டம்தான்னு ஒத்துக்கணும்.

அப்ப ரூல்ல தண்ணி எங்கதான் வருது? அதே டைரக்டிவோட பிரிவு 30ல, இந்த ரூலுக்கு ஒத்துவருதுன்னு சர்டிஃபிகேட் குடுக்குற தன்னார்வ ஸ்கீம் பத்தின இடத்துல. தண்ணிப் பஞ்சம் இருக்குற ஏரியாவுல அளவுக்கு மீறி எடுக்காம இருக்க என்ன செய்றாங்கன்ற தகவல் அந்த ஸ்கீம்ல சரியா இருக்குன்னு ஐரோப்பிய கமிஷன் அங்கீகரிக்கலாம். அங்கீகரிக்க"லாம்", அவ்ளோதான். அதனால ஸ்கீமுக்கு ஸ்கீம் வித்தியாசம் வரும், உதாரணமா ஆர்எஸ்பின்ற (RSB) ஸ்கீமோட ஸ்டாண்டர்ட்ல 9வது கொள்கை முழுக்க தண்ணிக்குத்தான், ஏற்கனவே அந்தத் தண்ணிமேல உரிமை இருக்குறவங்களையும் மதிக்கணும்னு அதுல இருக்கு. எண்ணெய் வாங்குறவங்க "சர்டிஃபிகேட் இருக்கா"ன்னு கேட்டா பத்தாது, எந்த ஸ்கீம்னு கேக்கணும்.

சமைச்சு மிச்சமான எண்ணெய்ல பண்ணா வயல் தண்ணிக் கணக்கே வராது, கழிவுன்றதால நிலச் சோதனையும் இல்ல, கார்பன் மட்டும்தான் பாப்பாங்க.