அழித்த ஃபைல் எங்கே போகிறது?

“டெலிட் ஆகி ரெண்டு நாள்தாங்க ஆச்சு, எடுத்துடலாமில்லீங்களா?”

கோவையில் டேட்டா ரெக்கவரி வேலை பார்க்கும் எனக்கு வருகிற போன்களில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்கும். நாள் குறைவாக இருந்தால் கிடைக்கும், நாள் கடந்துவிட்டால் கிடைக்காது என்று கேட்பவர் நினைத்திருப்பார். நான் திருப்பிக் கேட்பது இதுதான்: “அதுக்கப்புறம் அந்தக் கார்டுல வேற ஏதாவது எடுத்தீங்களா?” அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் மீதி எல்லாம்.

கம்ப்யூட்டரைப் பற்றித் தவறான நம்பிக்கைகள் நிறைய உண்டு. டெஸ்க்டாப்பில் ரிஃப்ரெஷ் கொடுத்துக்கொண்டே இருந்தால் வேகமாகும் என்பது போன்றவற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அழிப்பது, சேமிப்பது என்ற இரண்டையும் பற்றிய தப்பான எண்ணங்கள் அப்படியில்லை. குழந்தையின் முதல் வருடப் போட்டோக்களும், ஒரு கடையின் பல வருட டேலி கணக்கும், ஆராய்ச்சி மாணவியின் தீசிஸும் அவற்றால்தான் போகின்றன. அதனால் இங்கே அவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஹார்ட் டிஸ்க், மெமரி கார்டு, பென் டிரைவ் எதுவானாலும் அதில் இரண்டு பகுதிகள் உண்டு. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் பதிவேடு ஒன்று. ஃபைலின் உள்ளடக்கம் மற்றொன்று. டெலிட் கொடுக்கும்போது பதிவேட்டில் மட்டும் ‘இந்த இடம் காலி’ என்று குறிக்கப்படுகிறது. உள்ளடக்கம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 32 ஜிபி வரையிலான கார்டுகளில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32 முறையில், அழிக்கப்பட்ட ஃபைல் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் ஒரு குறி விழும். அந்த ஃபைல் பிடித்திருந்த இடமும் பதிவேட்டில் காலி என்று குறிக்கப்படும். மீட்டெடுத்த போட்டோக்களைப் பார்த்தால் ஒவ்வொரு பெயரிலும் முதல் எழுத்து மட்டும் காணாமல் போயிருக்கும், படம் முழுசாக இருக்கும். குவிக் ஃபார்மேட்டும் ஏறக்குறைய இதே கதைதான். பதிவேடு புதிதாகிறது, பழைய உள்ளடக்கம் அப்படியே கிடக்கிறது.

ஆபத்து அதற்குப் பிறகு எழுதுவதில் இருக்கிறது. காலி என்று குறித்த இடத்தில் புது ஃபைல் வந்து உட்கார்ந்துவிட்டால், அடியில் இருந்தது போனது போனதுதான். எந்த லேபுக்கு எடுத்துச் சென்றாலும் வராது. கல்யாண போட்டோகிராபர் ஒருவர் தவறிப்போய் ஃபார்மேட் செய்த கார்டை பீரோவில் வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துக் கொண்டுவந்தார். எல்லாப் படமும் கிடைத்தது. இன்னொருவர் காலையில் முகூர்த்தம் எடுத்த கார்டை மதியம் ஃபார்மேட் செய்து, அதே கார்டில் மாலை ரிசப்ஷனையும் எடுத்துவிட்டு, அன்று இரவே ஓடி வந்தார். தாலி கட்டும் படங்கள் ஒன்றுகூடத் தேறவில்லை.

போட்டோவைவிட வீடியோ கஷ்டம். பதிவேடு முழுதும் போய்விட்டாலும், ஜேபெக் படம் ஒவ்வொன்றும் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்ற அடையாளத்தோடு தொடங்குவதால், கார்டு முழுக்க அதைத் தேடிப் பிடித்துப் படங்களை எடுக்க முடியும். வீடியோ பெரியது. பல துண்டுகளாகச் சிதறி எழுதப்பட்டிருந்தால், தொடக்கம் கிடைத்தாலும் அடுத்த துண்டு எது என்று சொல்ல ஆளில்லை. “படம் எல்லாம் வந்துச்சு, வீடியோ மட்டும் ஏன் ஓடலை?” என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆகவே ஏதாவது அழிந்தது தெரிந்த நொடியிலேயே கையை எடுத்துவிடுங்கள். கார்டு என்றால் கேமராவிலிருந்து கழற்றுங்கள். கம்ப்யூட்டர் என்றால் அணைத்துவிடுங்கள். பதற்றத்தில் பலர் செய்வது, அழிந்த ஃபைல் இருந்த அதே டிரைவில் ரெக்கவரி மென்பொருளை டவுன்லோட் செய்து, அங்கேயே இன்ஸ்டால் செய்து, மீட்டதையும் அங்கேயே சேமிப்பது. காப்பாற்ற வந்த மென்பொருளே மேலே ஏறி உட்கார்ந்துவிடும். இன்னொன்று, பென் டிரைவில் அழித்ததை ரீசைக்கிள் பின்னில் தேட வேண்டாம். அது அங்கே போவதில்லை.

சரி, இவ்வளவும் பழைய ஹார்ட் டிஸ்க்குக்கும் கார்டுக்கும். இப்போது வரும் லேப்டாப்களில் இருப்பது, சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி. அங்கே கதை தலைகீழ். 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதல் டிரிம் என்ற கட்டளை இருக்கிறது. நீங்கள் ஃபைலை அழித்ததும், ‘இந்த இடம் இனி வேண்டாம்’ என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும். எஸ்எஸ்டியும் அந்த இடத்தைத் தானாகவே துடைக்கத் தொடங்கும். நீங்கள் எதுவும் எழுதாமல் சும்மா ஆன் செய்து வைத்திருந்தாலும் துடைக்கும். பழைய கம்ப்யூட்டரில் ஒருமுறை மீட்டுக் கொடுத்ததை நினைவில் வைத்து, “போன தடவை எடுத்துக் கொடுத்தீங்களே” என்று புது லேப்டாப்போடு வருகிறவர்களிடம் முடியாது என்று சொல்வது எனக்கு மிகவும் வருத்தமான வேலை.

போனிலும் அதேதான். இன்றைய போன்களின் உள் நினைவகம், சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி என்கிரிப்ட் செய்யப்பட்டது. அழிந்த போட்டோவைத் திரும்ப எடுத்துத் தருவதாகச் சொல்லும் ஆப்களில் பல, போனில் மிச்சமிருக்கும் சின்ன சின்ன முன்னோட்டப் படங்களைக் காட்டிவிட்டு, அதற்கு விலையாக உங்கள் ஃபைல்கள் எல்லாவற்றையும் பார்க்க அனுமதி வாங்கிக்கொள்கின்றன. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது குப்பைத் தொட்டியை. கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் 60 நாள் அங்கே இருக்கும். ஐபோனில் 30 நாள்.

கீழே விழுந்த ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றுகிறது. படிக்கும் ஹெட் அதற்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. கண்ணுக்குத் தெரியாத தூசிகூட அந்த இடைவெளியைவிடப் பெரியது. விழுந்த பிறகு ‘டிக்... டிக்...’ என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் ஹெட் அடிபட்டிருக்கிறது. அந்த நிலையில் ஒவ்வொரு முறை கேபிளைச் செருகும்போதும் உடைந்த ஹெட் தட்டின் மேல்பூச்சை உராய்ந்து கிழிக்கலாம். உங்கள் டேட்டா இருப்பதே அந்தப் பூச்சில்தான். தட்டிப் பார்ப்பது, ஃப்ரீசரில் வைப்பது, யூடியூப் பார்த்து ஸ்க்ரூவைக் கழற்றுவது எல்லாம் இருந்த வாய்ப்பையும் கெடுத்துவிடும். ஒருமுறை செருகினீர்கள், சத்தம் கேட்டது, நிறுத்திவிட்டீர்கள் என்றால் பிழைக்க வாய்ப்புண்டு. வீட்டில் ஆளாளுக்கு ஒரு தடவை செருகிப் பார்த்த டிஸ்க்கைத் திறந்தால், உள்ளே வட்டவட்டமாகக் கீறல் தெரியும்.

சேமிப்பது பற்றிய எண்ணங்கள் இதைவிட மோசம். “எல்லாம் கூகுள்ல இருக்குங்க, போன்ல மட்டும்தான் அழிச்சேன்” என்று சொன்ன ஒரு தாய்க்கு, கூகுளிலும் போய்விட்டதைப் புரியவைக்க நேரம் பிடித்தது. போன் நிறைந்துவிட்டது என்று கூகுள் போட்டோஸ் ஆப்புக்குள்ளேயே போய் நூற்றுக்கணக்கில் தேர்ந்தெடுத்து டெலிட் கொடுத்திருக்கிறார். பேக்கப் ஆன படத்தை அந்த ஆப்பில் அழித்தால் போனிலும் கணக்கிலும் சேர்ந்தே அழியும். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அதற்கு ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்று தனி வசதி இருக்கிறது. பேக்கப் ஆனவற்றைப் போனிலிருந்து மட்டும் எடுப்பது அதுதான். அவர் என்னிடம் வருவதற்குள் 60 நாள் கடந்திருந்தது.

சிங்க் என்பது இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வைத்திருக்கும் ஏற்பாடு. நீங்கள் இங்கே செய்யும் தவறையும் அது அங்கே உடனே கொண்டு சேர்த்துவிடும். எப்போதும் கம்ப்யூட்டரோடு இணைத்தே வைத்திருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் ஏறக்குறைய அப்படித்தான். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழைந்தால் சி டிரைவோடு சேர்த்து அதையும் பூட்டிவிடும். அலுவலகக் கணக்குக்குப் பேக்கப் எடுக்கிறவர்கள், எடுத்து முடித்ததும் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்.

கிளவுட் என்றதும் எங்கோ வானத்தில் அழியாமல் இருப்பதாக ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. அதுவும் யாரோ ஒருவருடைய கட்டடத்தில், கரண்ட் இணைப்பில் ஓடும் இயந்திரம்தான். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோன் நகரில் உள்ள அரசுத் தகவல் மையத்தில் லித்தியம் பேட்டரிகள் தீப்பிடித்தன. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளைப் போட்டு வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் எரிந்துபோனது. அதில் இருந்தது 858 டெராபைட். அளவு பெரியது என்பதால் வெளியே வேறெங்கும் அதற்கு நகல் வைத்திருக்கவில்லை.

எங்கள் துறையில் மூன்று–இரண்டு–ஒன்று என்பார்கள். மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்றாவது வேறு ஊரிலோ வேறு வீட்டிலோ. சாதாரணக் குடும்பத்துக்கு இது பெரிய செலவில்லை. போனில் ஒன்று, கூகுளில் ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து அண்ணன் வீட்டில் கொடுத்து வைக்கும் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று.

பேக்கப் ஓடுகிறது என்று நம்புவதும் போதாது. மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 இரவு ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. பேக்கப் முறைகள் பல இருந்தன, தேவைப்பட்ட நேரத்தில் பார்த்தால் அவை சரியாக ஓடவே இல்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு பிரதிதான் கைகொடுத்தது. நடந்ததை அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது, அதற்காக அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. உங்கள் பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு பழைய ஃபைலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு ‘2 டிபி பென் டிரைவ்’ என்று விற்பார்கள். வாங்கவே வாங்காதீர்கள். உள்ளே இருப்பது 16 அல்லது 32 ஜிபியாக இருக்கும். கண்ட்ரோலர் சிப்பில் பொய் அளவை எழுதி வைத்திருப்பார்கள். விண்டோஸும் அதை நம்பி 2 டிபி என்றே காட்டும், காப்பியும் பிழையில்லாமல் ஓடும். உண்மையான இடம் நிறைந்த பிறகு போட்டவை எங்கும் எழுதப்படுவதில்லை, அல்லது முன்பு போட்டவற்றின் மேலேயே விழுகின்றன. ஃபைல் பெயர்கள் வரிசையாகத் தெரியும், ஒன்றும் திறக்காது. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் முழு இடத்திலும் எழுதி, திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். இதோடு 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்று காட்டுவதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஏமாற்று இல்லை, தயாரிப்பாளர் ஆயிரத்தால் எண்ணுகிறார், விண்டோஸ் 1,024-ஆல் எண்ணுகிறது.

பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது முதலில் சொன்னது எல்லாம் உங்களுக்கு எதிராகத் திரும்பும். எம்ஐடி ஆய்வு மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலாட்டும் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 158 வாங்கிச் சோதித்து, 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். படிக்க முடிந்தவற்றில் சரியாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவை பலவற்றில் மருத்துவ விவரங்கள், கிரெடிட் கார்டு எண்கள், ஏடிஎம் இயந்திரத்திலிருந்து வந்ததாகத் தெரிந்த ஒரு டிஸ்க்கில் வங்கிக் கணக்கு எண்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கொடுப்பதற்கு முன், குவிக் ஃபார்மேட் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுங்கள். விண்டோஸ் விஸ்டா முதல் அது டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதுகிறது. ஒருமுறை போதும், முப்பத்தைந்து முறை எழுத வேண்டும் என்பது பழைய கால டிஸ்க்குகளுக்கான கணக்கு. எஸ்எஸ்டி என்றால் தயாரிப்பாளர் தரும் செக்யூர் இரேஸ் வசதி. என்கிரிப்ட் ஆன போனுக்கு ஃபேக்டரி ரீசெட் போதும், சாவி அழிந்துவிடுவதால் மிச்சம் இருப்பதை யாரும் படிக்க முடியாது.

அந்தச் சாவி விஷயத்தில்தான் இப்போது புதிதாக ஒரு பிரச்சினை கடைக்கு வருகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு செட் செய்த பல விண்டோஸ் 11 லேப்டாப்களில், கேட்காமலே டிஸ்க் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கும். மதர்போர்டு மாற்றினாலோ, சில சமயம் லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் பயாஸ் மென்பொருள் அப்டேட் ஆனாலோ, நீல நிறத் திரை வந்து 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். “நான் அப்படி எதுவும் போடவே இல்லைங்களே” என்பார்கள், அது உண்மையும்கூட. கீ இல்லாவிட்டால் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தும் என்னால் ஒரு ஃபைலைக்கூடத் தர முடியாது. லேப்டாப் இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் வலைப்பக்கத்தில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் உங்கள் லேப்டாப்பின் பிட்லாக்கர் கீ, அதாவது அந்த 48 இலக்க ரெக்கவரி கீ, இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிரிண்ட் எடுத்து, லேப்டாப் பையில் வைக்காமல், வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். பழைய ஈமெயிலில் செட் செய்து பாஸ்வேர்டு மறந்துபோனவர்கள் அந்தக் கணக்கை மீட்கும் வேலையை இந்த வாரமே தொடங்குங்கள்.